பழைய மரவீட்டின் பாரம்பரிய மதிப்பை எழுதி வைப்பது எப்படி?

பினாங்கில் மெக்கலிஸ்டர் சாலை, பர்மா சாலை போன்ற பெருஞ்சாலைகளின் கிளைத் தெருக்களில், கீழ்த்தளம் செங்கல்லும் மேல்தளம் மரமுமாகக் கட்டப்பட்ட பழைய பங்களாக்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றுள் சில நம்மவர் குடும்பங்களின் கையிலோ, ஒரு சங்கத்தின் அல்லது அறங்காவலர் குழுவின் பொறுப்பிலோ இருக்கக்கூடும். கூரையை மாற்றுவதற்கு அனுமதி கேட்டாலும் சரி, பக்கத்து மனையில் எழும் அடுக்குமாடிக்கு எதிராக முறையிட்டாலும் சரி, முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: இந்த வீட்டில் அப்படி என்ன சிறப்பு? அதற்கு நாம் பெரும்பாலும் சொல்லும் பதில், "நூறு வருஷத்து வீடு, தாத்தா காலத்தில் வாங்கியது" என்பதாக இருக்கிறது. இந்தப் பதில் உண்மைதான் என்றாலும் போதுமானதன்று, ஏனெனில் வயது மட்டுமே மதிப்பாகிவிடாது. எந்தப் பகுதி எதனால் முக்கியம் என்று சொல்லாத வரை, எதை இடிக்கக் கூடாது என்பதும் யாருக்கும் தெரியாது.

யுனெஸ்கோ பாதுகாப்பு இருக்கிறதே என்று நம்பியிருப்பவர்கள் முதலில் நிலவரைபடத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஜார்ஜ் டவுன் 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி மலாக்காவுடன் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் அந்த எல்லை மையப் பகுதி 109.38 ஹெக்டேர், அதைச் சுற்றிய தாங்கு மண்டலம் 150.04 ஹெக்டேர் என்ற அளவில் முடிந்துவிடுகிறது. லெபோ பினாங்கு, லெபோ குவீன் பகுதிக் கடைவீடுகள் அதற்குள் அடங்கும். தோட்டத்தோடு கூடிய பங்களாக்களில் பெரும்பாலானவை எல்லைக்கு வெளியே நிற்கின்றன. 2016இல் ஜாலான் சுல்தான் அகமது ஷா சாலையில் எல்லைக்கு வெளியே இருந்த ரன்னிமீட் என்ற பழைய ஹோட்டல் வளாகத்தின் துணைக் கட்டடங்கள் இடிக்கப்பட்டபோது இந்த இடைவெளி எல்லாருக்கும் கண்கூடாகத் தெரிந்தது. கோலாலம்பூரிலும், தேசியப் பாரம்பரியச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 2006ஆம் ஆண்டின் டிசம்பரில்தான் ஜாலான் அம்பாங்கில் 1929இல் கட்டப்பட்ட போக் மாளிகை தரைமட்டமானது. எல்லைக்கு வெளியே உள்ள வீட்டுக்காகப் பேசுவதற்கு, வீட்டின் எந்தப் பகுதி எதனால் முக்கியம் என்று ஒழுங்காக எழுதிய மதிப்பறிக்கை ஒன்று கையில் இருக்க வேண்டும்.

அறிக்கையின் வடிவத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கனடாவின் வரலாற்றிடப் பதிவேட்டில் வழங்கும் முறை எளிதானது, நம்முடைய தேவைக்கும் பொருந்துவது. அதில் இடத்தின் விவரம், பாரம்பரிய மதிப்பு, அந்த மதிப்பைச் சுமக்கும் கூறுகள் என மூன்று பகுதிகள் மட்டுமே உண்டு. அங்கே விக்டோரியா நகரில் உள்ள எமிலி கார் இல்லம் நல்ல எடுத்துக்காட்டு. 1863 வாக்கில் கட்டப்பட்ட அந்த மரவீடு இத்தாலியப் பாணியைச் சேர்ந்தது. ஓவியரும் எழுத்தாளருமான எமிலி கார் 1871இல் பிறந்தவர், அந்த வீட்டில் வளர்ந்தவர். 1964இல் அது தேசிய வரலாற்றிடமாக அறிவிக்கப்பட்டது. அந்த வீட்டுக்கு இரண்டு மதிப்புகள் இருப்பதைக் கவனியுங்கள். ஓர் ஓவியரோடு உள்ள தொடர்பு ஒன்று. மரத்தாலான இத்தாலியப் பாணி வீட்டுக்கு அது ஒரு சான்று என்பது மற்றொன்று. முதல் மதிப்பை அறைகளின் அமைப்பும் வீட்டுச் சூழலும் சுமக்கின்றன என்றால், இரண்டாவதை இறவாரத்துத் தாங்குகட்டைகளும் சன்னல் அமைப்பும் சுமக்கின்றன. எந்த மதிப்பு எந்தப் பொருளின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டுவதுதான் மதிப்பறிக்கையின் வேலை, மற்றதெல்லாம் அலங்காரம்.

எழுதுவதற்கு முன் வீட்டைப் படியுங்கள்

பேனாவை எடுப்பதற்கு முன் வீட்டைச் சுற்றி வர வேண்டும். அதுவும் கூரையிலிருந்து கீழ்நோக்கி, வெளியிலிருந்து உள்நோக்கி, முன்வாசலோடு நின்றுவிடாமல் பின்கட்டு வரை வர வேண்டும். கையில் அளவு நாடா, டார்ச் விளக்கு, கூர்மையான ஊசித் தமரூசி ஒன்று, கைப்பேசி ஆகியவை போதும். ஒவ்வொரு படத்திலும் ஒரு அளவுகோலை வைத்து எடுத்தால், பின்னால் பார்ப்பவருக்குப் பலகையின் அகலம் ஓரங்குலமா ஒரு சாணா என்ற ஐயம் வராது.

கூரையில் தொடங்குங்கள். பினாங்கின் பழைய வீடுகளில் மெல்லிய வளைவோடுகளும், அதற்குப் பிந்திய காலத்தில் பிரான்சின் மார்சேய் நகரிலிருந்தும் தென்னிந்தியாவின் மங்களூரிலிருந்தும் வந்த ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் தட்டோடுகளும் காணப்படுகின்றன. பூட்டோடு என்பதே 1841இல் அல்சாஸ் பகுதியின் கிலார்தோனி சகோதரர்கள் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பு. மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். ஆகவே உங்கள் ஓட்டின் அடிப்பக்கத்தில் சூளையின் பெயர் புடைப்பெழுத்தில் இருந்தால் அதைத் துடைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஓட்டின் காலத்தை வீட்டின் காலமாக எழுதிவிடக் கூடாது. கூரை ஓடு நம் மழையில் இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒருமுறையாவது மாற்றப்பட்டிருக்கும்; பக்கத்தில் இடித்த வீட்டின் ஓட்டை வாங்கி வேய்ந்ததும் உண்டு.

கூரைக்கு உள்ளே, கைமரங்களும் குறுக்குச் சட்டங்களும் சேரும் இடத்தில்தான் வீடு தன் வயதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லும். ஏனென்றால் அங்கே யாரும் வண்ணம் பூசுவதில்லை, அழகுபடுத்துவதும் இல்லை. மரத்தின் மேல் அறுத்த தடம் நேர்கோடாகவும் சற்று ஒழுங்கற்றும் இருந்தால் இருவர் நின்று இழுத்த நீள வாளால் அறுக்கப்பட்டது என்றும், பிறை போன்ற வளைகோடுகளாக இருந்தால் வட்ட வாள் பூட்டிய ஆலையிலிருந்து வந்தது என்றும் கொள்ளலாம். ஆணிகளையும் பாருங்கள். சதுரமாகக் கூம்பிப் போகும் வெட்டாணிகள் பழையவை. உருண்டைக் கம்பி ஆணிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் பரவலாயின. பொருத்துகளில் சீனத் தச்சர்கள் மையால் இட்ட குறிகள் தென்பட்டால், அந்த ஓர் அடையாளமே வீட்டைக் கட்டியவர்கள் யார் என்பதற்கு நேரடிச் சான்றாகிவிடும். முகப்பை வரைந்தவரின் பெயரைக் காட்டிலும் இதை நான் பெரிதாக மதிப்பேன்.

அடுத்து மரத்தின் வகை. தூண்களும் உத்தரங்களும் செங்கால் மரமா, தரை மெர்பாவா, பலகைகள் மெராந்தியா, கதவுகள் பர்மாத் தேக்கா என்பதை அனுபவமுள்ள தச்சர் ஒருவரை அழைத்துவந்து கேட்டுக்கொள்வதே முறை. நாமாக நிறத்தைப் பார்த்து எழுதினால் தவறிவிடும். தமரூசியால் தூணின் அடிப்பகுதியையும், சுவரில் புதைந்திருக்கும் உத்தர முனைகளையும் மெல்லக் குத்திப் பாருங்கள். வெளியே வண்ணம் பளபளக்க, உள்ளே ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் கறையான் உள்ளே குடியிருந்து போயிருக்கிறது என்று பொருள். சுவரோரத்தில் பென்சில் பருமனில் ஏறும் மண் குழாய்கள் இருந்தால் அது இன்னும் போகவில்லை என்று பொருள். இந்தச் சேதத்தை அறிக்கையில் மறைக்க வேண்டாம். மதிப்பு ஒரு பக்கம், நிலைமை ஒரு பக்கம் எனப் பிரித்து எழுதினால், சேதத்தைக் காட்டி மதிப்பைக் குறைத்துப் பேசுபவர்களுக்கு இடம் இருக்காது.

வண்ணப் பூச்சுகளின் அடுக்கைப் பார்க்க விரும்பினால், கதவுக் கீலின் தகட்டுக்குப் பின்னால் உள்ளது போன்ற மறைவிடத்தில், சிறு கத்தியால் ஒரு நாணய அளவுக்குச் சுரண்டினால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. பழைய எண்ணெய் வண்ணங்களில் ஈயம் கலந்திருப்பது வழக்கம், அந்தத் தூள் குழந்தைகளுக்குப் பெருங்கேடு. அதேபோல் உட்கூரையில் பிற்காலத்தில் அடித்த சிமெண்டுத் தகடுகளில் கல்நார் இருக்கலாம் என்பதால் அவற்றை உடைத்துப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள்.

இத்தாலியப் பாணி என்று எப்போது எழுதலாம்?

வளைவான சன்னல் ஒன்றைக் கண்டதும் "இத்தாலியப் பாணி" என்று எழுதிவிடும் பழக்கம் நம்மூரில் வீட்டுத் தரகர்கள் மட்டத்தில் தொடங்கி நினைவு மலர்கள் வரை பரவியிருக்கிறது. அந்தப் பாணி இத்தாலிய நாட்டுப்புற மாளிகைகளை நினைத்து இங்கிலாந்தில் பிறந்தது. 1802 வாக்கில் கட்டிடக் கலைஞர் ஜான் நாஷ் ஷ்ரோப்ஷயரில் வடிவமைத்த குரொன்கில் மாளிகையை அதன் முதல் வீடாகச் சொல்வார்கள். விக்டோரியா அரசியாரின் ஆஸ்போர்ன் மாளிகை 1845க்கும் 1851க்கும் இடையில் எழுந்த பிறகு அது பேரரசு முழுவதும் மோகமானது. வட அமெரிக்காவில் 1840களிலிருந்து 1880கள் வரை கல்லுக்குப் பதில் மரத்தில் அதைக் கட்டினார்கள். கல்லில் செய்ய வேண்டிய மூலைக்கற்களைக்கூடப் பலகையில் செதுக்கி ஒட்டியது அந்த ஊர்த் தச்சர்களின் கைத்திறன்.

அதன் அடையாளங்கள் இவை: சரிவு குறைந்த கூரை, வெளியே நன்றாக நீண்ட இறவாரம், அதன் கீழே பெரும்பாலும் இரண்டிரண்டாக நிற்கும் செதுக்கிய தாங்குகட்டைகள், மேலே வளைந்த, உயரமான, ஒடுக்கமான சன்னல்கள், சில வீடுகளில் உச்சியில் சதுரக் கோபுர அறை. இவற்றுள் பலவும் ஒரே வீட்டில் ஒன்றுகூடியிருந்தால் மட்டுமே பாணியின் பெயரைத் தயங்காமல் எழுதலாம். பினாங்கில் நாம் காண்பது பெரும்பாலும் அதன் ஒன்றுவிட்ட உறவு. சென்னை, கல்கத்தா வழியாக வந்த ஆங்கிலோ இந்திய பங்களாவின் உடலமைப்பு, மலாய் வீட்டின் காற்றோட்டம், சீனத் தச்சரின் கைவேலை ஆகியவற்றோடு இத்தாலியப் பாணியின் சில நகைகளைப் பூட்டிக்கொண்டது அது. மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சி நீட்டிய இறவாரம் இங்கே தேவையால் வந்தது, மோகத்தால் மட்டும் வந்ததன்று. ஆகவே "இத்தாலியப் பாணியின் சாயலுள்ள தாங்குகட்டைகளும் வளைவுச் சன்னல்களும் கொண்ட, நீரிணைக் குடியேற்றப் பங்களா" (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய அன்றைய ஆங்கிலேயர் குடியேற்றம்) என்று அளவோடு எழுதினால் அது படிப்பவரின் நம்பிக்கையைப் பெறும். பாணியின் பெயரைப் பெரிதாக்கினால் வீட்டின் மதிப்பும் பெரிதாகும் என்பது தவறான எண்ணம். கலப்பினமாக இருப்பதுதான் பினாங்கு வீட்டின் தனித்தன்மை. ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டதும் பண்பாடுகள் இங்கே கலந்ததற்காகவே.

காகிதங்களில் தேட வேண்டியவை

நிலப் பட்டாவில் தொடங்குவதே வழக்கம். ஆனால் பினாங்கில் ஒரு சிக்கல் உண்டு. 1966ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் பினாங்கும் மலாக்காவும் ஆங்கிலேயப் பத்திர முறையைப் பின்பற்றின. அதனால் இன்றைய பட்டா வீட்டின் முழு வரலாற்றையும் சொல்லாது. அதற்கு முந்தைய கைமாற்றங்களைப் பழைய கிரயப் பத்திரங்களிலும் அடமானப் பத்திரங்களிலும் தேட வேண்டும். அவை குடும்பத்தின் இரும்புப் பெட்டியில் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் ஜார்ஜ் டவுனின் கொம்தார் கோபுரத்தில் உள்ள மாநில நில அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். பத்திரத்தில் செட்டியார் நிறுவனம் ஒன்று கடன் கொடுத்தவராக வந்தால், அவரது பெயரைவிட அவருடைய விலாச எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், முகவர்களும் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறுவார்கள். நிறுவனத்தை அடையாளம் காட்டுவது தலைப்பெழுத்துகளால் ஆன விலாசமே. அதைப் பிடித்துக்கொண்டால், அந்த வீடு எந்தக் கடன் வலையில் சிக்கிக் கைமாறியது என்பது புலப்படும். அதுவும் வரலாற்று மதிப்பில் சேரும்.

வீடு எப்போது முதல் அந்த இடத்தில் நின்றது என்பதற்கு நிலவரைபடங்கள் உதவும். 1890களில் கெல்லி என்னும் நில அளவையாளரின் பெயரால் வழங்கும் ஜார்ஜ் டவுன் வரைபடத் தொகுதியில் ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியாகக் காட்டப்பட்டிருக்கிறது. அதில் உங்கள் மனை வெறுமையாக இருந்தால், "நூற்றைம்பது வருஷம்" என்று தாத்தா சொன்னதைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகமும், மாநகர் மன்றத்தின் பழைய கட்டட வரைபடங்களும், மதிப்பீட்டு வரிப் பதிவுகளும் அடுத்த நிலைச் சான்றுகள். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் பினாங்கு கெசட், ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ போன்ற பழைய ஆங்கில ஏடுகளோடு தமிழ் முரசும் கிடைக்கிறது. வீட்டின் பழைய பெயரையும் சாலையின் பழைய பெயரையும் இட்டுத் தேடுங்கள். ஜாலான் சுல்தான் அகமது ஷா என்று தேடினால் ஒன்றும் வராது, நார்தாம் சாலை என்று தேடினால்தான் ஏல அறிவிப்புகளும் திருமணச் செய்திகளும் வந்து கொட்டும்.

மூத்தவர்களின் பேச்சையும் பதிவு செய்யுங்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாடகை சந்தைவிலைக்குப் போனபோது பழைய குடித்தனக்காரர்கள் பலர் ஜெலுத்தோங், பாயான் பாரு, பட்டர்வொர்த் என்று சிதறிப் போனார்கள். அவர்களைத் தேடிப் போய்த்தான் கேட்க வேண்டும். "அந்தக் காலத்தில் வீடு எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "சமையல் எங்கே நடந்தது அத்தை? தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள்? மேல்மாடிக்கு யார் யார் போகலாம்?" என்று இடத்தைச் சுட்டிக் கேட்டால் அவர்கள் கையை நீட்டிக் காட்டிப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

மதிப்பை எழுதும் முறை

2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம், அதாவது 645ஆம் சட்டம், பண்பாட்டுப் பாரம்பரிய முக்கியத்துவம் என்பதற்குப் பத்து வகை மதிப்புகளைச் சொல்கிறது. அழகியல், தொல்லியல், கட்டடக்கலை, பண்பாடு, வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம், மொழி, தொழில்நுட்பம் என்பன அவை. பத்தையும் நிரப்ப முயல்வதுதான் புதிதாக எழுதுபவர்கள் செய்யும் பெரிய பிழை. மூன்று மதிப்புகளைச் சான்றோடு நிறுவினால் அறிக்கை நிற்கும். பத்தைச் சான்றில்லாமல் அடுக்கினால், முதலில் விழும் ஒன்று மற்ற ஒன்பதையும் இழுத்துக்கொண்டு விழும்.

ஒரு வீட்டைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். 1911ஆம் ஆண்டுப் பத்திரத்தில் முதன்முதலாகக் குறிக்கப்படுகிறது. சீன வணிகர் ஒருவர் கட்டியது. 1953இல் ரயில்வே எழுத்தராக இருந்த தமிழர் ஒருவர் வாங்கினார். இன்று அவர் பேரப்பிள்ளைகள் வசிக்கிறார்கள். இந்த வீட்டைப் பற்றி, "மிகப் பழமையான, அழகிய இத்தாலியக் கட்டடக் கலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டான, பெருமைமிக்க இல்லம்" என்று எழுதினால், இதே வாக்கியத்தை அடுத்த தெரு வீட்டுக்கும் எடுத்து ஒட்டலாம். எந்த வீட்டுக்கும் பொருந்தும் வாக்கியம் எந்த வீட்டையும் காப்பாற்றாது.

இப்படி எழுதிப் பாருங்கள்: "சுண்ணாம்புச் சாந்து பூசிய செங்கல் கீழ்த்தளத்தின் மேல் பலகைச் சுவர்களால் ஆன மேல்தளம் அமர்ந்திருப்பதும், நான்கு பக்கமும் தொடரும் சாய்பலகைச் சன்னல்களும், போர்ட்டிகோவின் இறவாரத்தில் இணை இணையாக நிற்கும் செதுக்கிய தாங்குகட்டைகளும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்குச் சீன வணிகர் குடும்பங்கள் ஐரோப்பிய வடிவங்களைத் தங்கள் தச்சர்களைக் கொண்டு மரத்தில் மாற்றி அமைத்ததைக் காட்டுகின்றன." இதில் காலம் இருக்கிறது, யார் என்பது இருக்கிறது, எந்தப் பொருள் என்பது இருக்கிறது, அது எதைக் காட்டுகிறது என்பதும் இருக்கிறது. மறுத்துப் பேச விரும்புபவர் வந்து தாங்குகட்டையைப் பார்த்துவிட்டுத்தான் மறுக்க முடியும்.

இரண்டாவது மதிப்பு 1953க்குப் பிந்தியது. பலரும் இதை விட்டுவிடுவார்கள், ஏனெனில் "மூல" வீட்டுக்கே மதிப்பு, பின்னால் வந்தவர்கள் குடியிருந்தவர்கள் மட்டுமே என்ற எண்ணம் நம்மிடமே இருக்கிறது. நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. வெள்ளிப் பாத்திரங்கள் வைக்கக் கட்டிய சரக்கறை சாமி அறையாக மாறியிருக்கிறது. அதன் கிழக்குச் சுவரில் விளக்கு மாடம் வெட்டப்பட்டிருக்கிறது. எழுபது ஆண்டுப் புகை மேலே பலகையில் கரும்பட்டையாகப் படிந்திருக்கிறது. முன்வாசல் நிலையின் மேற்சட்டத்தில் மாவிலைத் தோரணம் கட்ட அடித்த ஆணிகள் வரிசையாக, துருவேறியதும் புதியதுமாக நிற்கின்றன. தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தல் போடுவதற்காகப் போர்ட்டிகோத் தூணில் இரும்பு வளையம் பதித்திருக்கிறார்கள். ஒரு தமிழ் எழுத்தர் குடும்பம் வணிகப் பெருமுதலாளியின் வீட்டை எப்படித் தன் வீடாக்கிக்கொண்டது என்பதற்கு இவைதான் சாட்சி. இவற்றைச் சமூக மதிப்பு என்ற தலைப்பில், அதே துல்லியத்தோடு, "இந்தச் சுவரில், இந்த உயரத்தில்" என்று எழுத வேண்டும்.

மூன்றாவது, பின்கட்டு. பெரிய வீடுகளின் பின்னே தாழ்ந்த கூரையோடு ஒரு வரிசை அறைகள் இருக்கும். குதிரைக்காரரும் தோட்டக்காரரும் சமையல்காரரும் ஆயாவும் அங்கே இருந்தார்கள், அவர்களுள் நம்மவர்கள் பலர். வீட்டை விற்க வரும்போதும் "மேம்படுத்த" வரும்போதும் முதலில் இடிபடுவது இந்த வரிசைதான். ரன்னிமீட்டில் போனதும் துணைக் கட்டடங்கள்தாம். பினாங்கின் கட்டட வரலாற்றில் இந்தியக் கைகளின் பங்கு சிறியதன்று. 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டியதில் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பு இருக்கிறது. அவர்கள் எங்கும் பெயர் செதுக்கி வைக்கவில்லை. ஆகவே பின்கட்டின் அறை அளவு, சன்னல் இருக்கிறதா இல்லையா, பெரிய வீட்டிலிருந்து அங்கே போகும் மூடிய நடை எவ்வளவு அகலம் என்பவற்றை முகப்புக்குத் தரும் அதே கவனத்தோடு எழுதுங்கள். விவரப் பகுதியிலும், மதிப்புப் பகுதியிலும், கூறுகள் பகுதியிலும் பின்கட்டு இடம்பெறாத அறிக்கை பாதி அறிக்கைதான்.

மாற்றப்பட்ட பலகைக்கு மதிப்பு உண்டா?

மரவீட்டுக்கு எதிராக அடிக்கடி சொல்லப்படும் வாதம், "பாதிப் பலகை புதியது, பிறகென்ன பாரம்பரியம்?" என்பது. இதற்கு உலக அளவில் ஏற்கப்பட்ட விடை இருக்கிறது. 1994இல் ஜப்பானின் நாராவில் உருவான ஆவணம், உண்மைத்தன்மையை மூலப் பொருளைக் கொண்டு மட்டும் அளக்காமல், வடிவம், பயன்பாடு, கைத்தொழில் மரபு, இடம், உணர்வு ஆகியவற்றையும் சேர்த்து ஒவ்வொரு பண்பாட்டுக்கும் ஏற்ப அளக்க வேண்டும் என்றது. மரக் கட்டடங்களுக்கென்றே, நினைவுச் சின்னங்களுக்கான பன்னாட்டு மன்றமான இக்கோமோஸ் 1999இல் கொள்கைகளை வகுத்து, 2017இல் டில்லியில் அவற்றைத் திருத்தியது. மரத்தை மாற்ற நேர்ந்தால் கூடிய வரை அதே இன மரம், அதே பொருத்து முறை, பழையதோடு புதியதை மயக்கிவிடாத பதிவு என்பவை அதன் சாரம்.

கோலாலம்பூர் ஜாலான் ஸ்டோனரில் பாடான் வாரிசான் மலேசியா என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் வளாகத்தில் நிற்கும் பெங்ஹூலு (ஊர்த்தலைவர்) அபு செமான் வீட்டை ஒருமுறை போய்ப் பாருங்கள். கெடாவில் பழுதடைந்து கிடந்த அந்த மர வீட்டைப் பிரித்து, பகுதி பகுதியாகக் கொண்டுவந்து, 1990களில் மீண்டும் எழுப்பினார்கள். இடமே மாறிய வீட்டுக்கும் மதிப்பு இருக்கிறது, காரணம் கட்டுமான முறை அப்படியே படிக்கக் கிடைக்கிறது. ஆயினும் இடத்தோடு இருந்த மதிப்பில் ஒரு பகுதி போய்விட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உங்கள் அறிக்கையிலும் எது மூலம், எது 1930களில் மாறியது, எது போன ஆண்டு தச்சர் வைத்தது என்று வரைபடத்தில் மூன்று நிறங்களால் காட்டிவிட்டால் வாதம் அத்தோடு முடிந்துவிடும். சுண்ணாம்புச் சாந்தின் மேல் சிமெண்டு பூசியிருந்தால் அதையும் குறியுங்கள். சிமெண்டு சுவரின் ஈரத்தை வெளியேற விடாமல் அடைத்து, மேலே அமர்ந்திருக்கும் உத்தரத்தின் முனையை அழுகச் செய்யும் என்பதால் அது அழகு பற்றிய புகார் மட்டும் அன்று.

கூறுகள் பகுதியும் அனுப்பும் வேலையும்

மூன்றாம் பகுதியில் மேலே எழுதிய மதிப்புகளைச் சுமக்கும் பொருள்களை மட்டும் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். சோதிக்கும் வழி எளிது. ஒரு பொருளை எடுத்துவிட்டால் எந்த மதிப்பு குறையும் என்று கேளுங்கள்; எதுவும் குறையாது என்றால் அது அங்கே இருக்கத் தேவையில்லை. அதேபோல், எந்தப் பொருளும் சுமக்காத மதிப்பு இரண்டாம் பகுதியில் மிஞ்சியிருந்தால் அதை அடித்துவிடுங்கள். 1970களில் பதித்த மொசைக் குளியலறையும் குளிரூட்டிப் பெட்டிகளும் கூறுகளில் வராது. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது குடும்பத்துக்கும் நல்லது, அவற்றை நாளை விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். பாரம்பரிய வீடு என்றால் ஓர் ஆணியும் அசைக்க முடியாது என்ற அச்சம் பெரும்பாலும் கூறுகள் பகுதி சரியாக எழுதப்படாததால் வருவதே. தேவையான அளவு செய்க, இயன்ற வரை குறைவாக மாற்றுக என்பது, பாரம்பரிய இடங்களைக் காப்பதற்காக 1979இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த பர்ரா சாசனம் சொல்லும் நெறி.

பினாங்கிலேயே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வீடுகளையும் இரண்டு வரியில் சேருங்கள். ஆயர் ஈத்தாம் ஆற்றோரத்தில் 2007இல் மீட்டெடுக்கப்பட்ட சஃபோக் மாளிகை போன்ற பெரியவற்றோடு ஒப்பிட்டால் உங்கள் வீடு சிறியதாகத்தான் தெரியும். அதே தெருவில், அதே அளவில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று நேரில் நடந்து எண்ணிச் சொல்வதே பயனுள்ள ஒப்பீடு. ஒரே ஒன்று மிஞ்சியிருந்தால் அதன் அரிதான தன்மையும், ஐந்து வரிசையாக மிஞ்சியிருந்தால் அந்தக் கூட்டமும் மதிப்பாகின்றன.

முழு அறிக்கை மூன்று பக்கத்தைத் தாண்ட வேண்டாம். படங்களும் வரைபடங்களும் பத்திர நகல்களும் பின்னிணைப்பில் போகட்டும். அலுவலகங்களுக்கு மலாய் மொழியில் அனுப்ப வேண்டும் என்பதால், தமிழில் எழுதி முடித்தபின் கட்டடத் துறையும் மலாயும் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் பாரம்பரியப் பிரிவு, உலகப் பாரம்பரிய எல்லைக்குள் இருந்தால் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனம், தேசிய அளவில் தேசியப் பாரம்பரியத் துறை ஆகியவை அனுப்ப வேண்டிய இடங்கள். 1986 முதல் இயங்கிவரும் பினாங்குப் பாரம்பரிய அறக்கட்டளைக்கும் ஒரு நகல் கொடுப்பது நல்லது. அனுப்புவதற்கு முன் பங்காளிகள் அனைவரிடமும் படித்துக்காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பட்டாவில் பெயருள்ள ஒருவர், அது எந்த ஊரில் இருக்கும் சித்தப்பாவானாலும், பின்னால் "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் மொத்த வேலையும் முடங்கிவிடும்.

ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும் எழுதியவர் பெயரும் இருக்கட்டும். இனி வீட்டில் எந்த வேலை நடந்தாலும், எந்தப் பலகை எடுக்கப்பட்டது, எந்த மரம் வைக்கப்பட்டது, செய்த தச்சர் யார் என்பதைப் படத்தோடு அதே கோப்பில் ஒரு தாளாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எடுத்த பழைய ஓட்டிலும் தாங்குகட்டையிலும் ஒன்றையாவது எறியாமல், எங்கிருந்து எடுத்தது என்று சீட்டு ஒட்டிப் பின்கட்டில் வைத்திருங்கள். அடுத்த தச்சர் அளவெடுக்க வரும்போது அவருக்கு வேண்டியது அதுதான்.